தேயிலைப் பெட்டிக்குள் எரிந்த விளக்கு

நான். மனைவி பூமணி. மகள் சாந்தி. பக்கத்து வளவு மாரிமுத்து அண்ணன். பிறகு, பெட்டிக்குள் பதினொரு கோழிக்குஞ்சுகள். போன கிழமை எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், கூடியவர்கள் இவ்வளவுதான்.

தாய்க்கோழியை மரநாய் கொண்டுபோய்விட்டது. பொரித்த கையோடு குஞ்சுகள் தனித்துப்போயின. சூட்டுக்கு எங்கே போவது?

மாரிமுத்து அண்ணன் மலைநாட்டில் பிறந்தவர். இப்போது விசுவமடுவில் தோட்டம் செய்கிறார். அவர்தான் அடிப்பலகை கழன்ற தேயிலைப் பெட்டி ஒன்றைத் தந்தார். நிலத்தில் வைத்து, ஒரு மூலையில் ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தினேன். சுற்றிக் கம்பிவலை. மேலே பாதி மூடித் தகரம்.

விளக்கு இரவு பகலாக எரிந்தது. திரியைக் குறைத்தால் குஞ்சுகள் கத்தின.

இங்கே மண்ணெண்ணெய் கிடைக்கிற சீர் உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருந்தது ஒரு போத்தல்தான். சாந்தி படிப்பதும் அதில்தான்.

"அப்பா, சோதினை எழுதப்போறது நானோ, கோழிக்குஞ்சோ?" என்றாள்.

அப்படி எரித்தும் இரண்டு செத்துப்போயின.

மாரிமுத்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "வெளக்கு நல்லாத்தானே எரியுது... சூடு எங்க போவுது தம்பி?"

அதுதானே கேள்வி! பெட்டி வெடிப்புகளில் களிமண் அப்பினேன். திரியை மாற்றினேன். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்குமோ? மணந்து பார்த்தேன். இல்லை.

ஒன்று மட்டும் புதினமாக, விளங்காததாக இருந்தது. விடியப்புறக் குளிரில் குஞ்சுகள் பரவி நின்றன. வெயில் ஏறிய பிறகுதான் ஒன்றுக்குள் ஒன்று ஒடுங்கின. ஊர் சூடாகும்போது பெட்டி ஏன் குளிர்கிறது?

அடுத்த நாள் தோட்டத்துக்குப் போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன்.

பூமணி சாணவாளியோடு வந்தாள். குஞ்சுகளைப் பனையோலைக் கடகத்துக்குள் விட்டாள். பெட்டியைத் தூக்கினாள். எச்சத்தை வழித்து, நிலத்தை நல்ல ஈரமாக மெழுகினாள். பெட்டியை வைத்துக் குஞ்சுகளைத் திரும்ப உள்ளே விட்டாள்.

"என்னப்பா செய்யிறாய்?"

"ஊத்தைக்குள்ள விடுறதே? ஒவ்வொரு நாளும் மெழுகிறனான்தானே."

"அதுகளுக்குக் கீழ ஈரமெல்லோ!"

"அதுக்குத்தானே உங்கட விளக்கு எரியுது. காயும்."

காய்ந்ததுதான்... பகல் முழுக்க எங்கள் எண்ணெய் நிலத்தைக் காயவைத்தது. இரவில்தான் குஞ்சுகளின் முறை வந்தது.

வேலிக்கு அப்பால் மாரிமுத்து அண்ணன் சிரித்தார். "தங்கச்சி மொழுவுது, வெளக்கு காயவைக்குது. குஞ்சப் பாக்கத்தான் ஆளில்ல!"

பூமணி சாணவாளியை ஓரமாக வைத்தாள். காய்ந்த மணல் அள்ளிவந்து பெட்டிக்குள் தடிப்பாகப் பரப்பினாள். நான் திரியைப் பாதியாகக் குறைத்தேன். குஞ்சுகள் கத்தவில்லை. அன்றிரவு சாந்திக்கும் விளக்கு இருந்தது.

ஒரு சாமான் ஓயாமல் வேலை செய்தால் அதைத்தான் திட்டுகிறோம். அதற்கு வேலை கொடுப்பது யார் என்று பார்ப்பதில்லை.

விடிந்ததும் பூமணி தகரத்தை விலக்கினாள். விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

ஒன்பது.