நாலு பெட்டி போதும்

லிங்கதுரை அண்ணாச்சி இறந்த செய்தி, நான் அவரைக் கடிந்து அனுப்பிய செய்திக்குப் பதிலாக வந்தது. "காலையிலிருந்து என் ஜாப் நகரவில்லை. நீங்கள் பார்க்கிறீர்களா, நான் துணைவேந்தரிடம் போகட்டுமா?" என்று அவருடைய வாட்ஸ்அப்புக்கு எழுதியிருந்தேன். அரை மணி நேரம் கழித்து அவர் எண்ணிலிருந்தே பதில்: "நான் அவுக வீட்டுக்காரி. அவுக விடியக்காலம் தவறிட்டாக. நெஞ்சுவலி. உங்க ஜாப் என்னன்னு எனக்குத் தெரியலம்மா." பதினான்கு வருடப் பழக்கத்தில் நான் அவருக்குச் சொன்ன கடைசி வார்த்தை ஒரு மிரட்டல்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு விளக்கம் வேண்டாம். இந்த நினைவு மலரைப் படிக்கும் அவர் வீட்டாருக்காகச் சொல்கிறேன். நம் பல்கலைக்கழகத்தின் கிளஸ்டர், அறுபத்து நான்கு கணினிகளை ஒன்றாகக் கோத்த ஓர் ஏற்பாடு. அண்ணாச்சி ஒவ்வொன்றையும் 'பெட்டி' என்பார். எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுதி, ஆராய்ச்சியாளர்கள் கணக்கை அனுப்ப வேண்டும். அதற்கு ஜாப் போடுவது என்று பெயர். முறை வரும்போது அது ஓடும். பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் பிறக்கும் முத்துச்சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் எங்கே போய் ஒதுங்குகின்றன என்பது என் கணக்கு. அந்த வரிசையைக் காத்தவர் அண்ணாச்சி. காத்தார் என்றால், நம் எல்லோரிடமும் வசவு வாங்கினார் என்று பொருள்.

எங்கள் பெரிய சண்டை பெட்டியால்தான் வந்தது. என் கணக்குக்கு நான்கு பெட்டி போதும். அதற்குமேல் எத்தனை கொடுத்தாலும் வேகம் கூடாது. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று நான் பதினாறு கேட்பேன். எல்லோரும் அப்படித்தானே கேட்டோம்? ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த என் ஜாப்பை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். என் மாணவி மறுநாள் கருத்தரங்கில் காட்டவேண்டிய படங்கள் அதில் இருந்தன. நான் சர்வர் அறைக்கே போய்க் கத்தினேன்.

"மூணு தடவ போன் போட்டேன். நீங்க எடுக்கல" என்றார். "நாலு பெட்டில ஓடுது, பன்னெண்டு பெட்டி சும்மா கெடக்கு. பஸ்ல துண்டப் போட்டு எடம் பிடிக்கிற மாதிரில்லா இருக்கு? வெளிய எத்தன பேரு நிக்காங்கன்னு பாத்தியளா?"

"நிற்கிறவர்கள் நிற்கட்டும். என் மாணவிக்கு நாளைக்குக் கருத்தரங்கு."

"நாலு கேளுங்க, இப்பமே போடுதேன்."

நான் கேட்கவில்லை. வீம்பு. மாணவி படமில்லாமல் பேசிவிட்டு வந்து என் முன்னால் அழுதாள். ஒரு வருடம் அண்ணாச்சியோடு நான் பேசவில்லை. அவரோ வழியில் பார்க்கும்போதெல்லாம், "எத்தன பெட்டிம்மா? உண்மையச் சொல்லுங்க" என்பார். கேலி செய்கிறார் என்று எரிச்சலாக வரும்.

மறுபடி பேச வைத்தது கச்சான் என்கிற மேல்காற்று. ஆடியில் அது உப்பையும் தூசியையும் அள்ளிக்கொண்டு வந்து ஏசியை அடைத்துவிடும். பெட்டிகள் சூடாகி ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. ஆள் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருக்க, ஏணியில் ஏறி அவரே வடிகட்டியைக் கழற்றினார். கீழே நின்று வாங்கினேன். செக்கச் செவேலென்று மண். "எங்க ஊரு மண்ணு. உடன்குடிலருந்து என்னையத் தேடி இங்கன வருது பாருங்க" என்று சிரித்தார். அப்போதுதான் தெரிந்தது. தேரி என்கிற அந்தச் செம்மணல் மேடு காற்றில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. நெறியாளர் ஓய்வுபெற்றுப் போக, வேலையும் கழுத்தை நெரிக்க, பாதியில் நின்றது. "கணக்கு மட்டும் ஓடிட்டு இருக்கு. முடியும், முடியும்" என்றார். எங்கே ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை.

அவர் போன நான்காம் நாள், என் ஜாப்பைத் தேடி வரிசையைப் பார்த்தேன். கடைசியில் அவர் பெயர் இருந்தது. ஆறு பெட்டி, மிச்சம் ஒன்பது மணி நேரம். எல்லோருக்கும் கீழான வரிசையில் போட்டிருந்தார். அதில் போடும் கணக்கு, பெட்டி சும்மா இருந்தால் ஓடும். வேறு யார் வந்து கேட்டாலும் எழுந்து இடம் விடும். பதிவேட்டைத் திறந்தேன். பத்தொன்பது முறை அது வெளியே தள்ளப்பட்டிருந்தது. பதினொரு முறை தள்ளியது நான். நான்கு பெட்டிக்காக அல்ல, சும்மா கிடந்த அந்தப் பன்னிரண்டுக்காக.

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது, இப்போதும் இருக்கிறது. சாவி அவர் கையில். ஒரே ஒரு கட்டளை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிந்திருக்கும். யார் கேட்டிருப்பார்கள்? என்னிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், "இது என் படிப்பும்மா" என்று.

அலுவலகத்துக்கு ஓடினேன். இறந்தவரின் பயனர் கணக்கைப் பத்து நாளில் மூட வேண்டும், காத்திருக்கும் ஜாப்பை நீக்க வேண்டும் என்பது விதி. "ஒன்பது மணி நேரம்தான் சார்" என்றேன். "விதிய எழுதினதே அவருதான மேடம்" என்றார் அதிகாரி. ஆள் கேட்ட கடிதத்தை வருடக்கணக்கில் படிக்காதவர்கள் இதைச் சொன்ன நாளில் செய்து முடித்தார்கள்.

கோப்புகளை ஒரு டிஸ்க்கில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மனைவி அதை என் கையில் வைத்தார். "இதுல அவுக படிப்பு இருக்காம்மா? பாதில நிக்குன்னு சொல்லிட்டே இருப்பாக."

இருந்தது. ஒவ்வொரு முறை தள்ளப்பட்டபோதும் விட்ட இடத்தைச் சேமித்து வைத்திருந்தார். கட்டுரை வந்தால் அவர் பெயரில்தான் வரும் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு, என் பயனர் கணக்கிலிருந்து அதைப் போட்டேன். சாதாரண வரிசையில் போட எனக்கு உரிமை உண்டு. கை வரவில்லை. ஆறு பெட்டி, ஒன்பது மணி நேரம், கடைசி வரிசை. அசட்டுத்தனம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மத்தியானம் அது மறுபடி வெளியே தள்ளப்பட்டது. இன்னும் நான்கு மணி நேரம் பாக்கி. தள்ளியவர் இந்த மலரைப் படிக்கப்போகும் உங்களில் ஒருவர். முப்பத்திரண்டு பெட்டி கேட்டிருக்கிறீர்கள், ஓடுவது ஐந்தில். அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். போன் போட்டுக் கேட்க அவர் இல்லாததால் நான் கேட்கிறேன். எத்தன பெட்டி வேணும்? உண்மையச் சொல்லுங்க.