மேல் தாழ்ப்பாள்

விழுப்புரத்தில் என் நாத்தனார் வீட்டு வாசற்கதவின் உள்பக்கத்தில், மேலே, திருகாணி கழற்றிய ஓட்டைகள் தெரியும். முன்பு அங்கே ஒரு கனத்த இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. என் கணவரின் அக்காவான அவர் நல்ல வளர்த்தி. அவர் கணவரும் அப்படியே. வீடு கட்டியபோது தங்கள் கைக்கு வாகான உயரத்தில் வைத்துக்கொண்டார்கள். திண்டிவனத்திலிருந்து போய்த் தங்கும்போதெல்லாம் நான் குதிகாலைத் தூக்கித்தான் அதைப் போடுவேன். நாத்தனார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எந்தம்பிக்குப் பொண்ணு பாக்கும்போது ஒசரத்தப் பாக்காம உட்டுட்டோம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுவந்த கேலி அது.

தன் கணவர் இறந்து, தாலுகா ஆபீஸ் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றபின் நாத்தனார் அந்த வீட்டில் தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டிய சில வருடங்களில் அவர் புடவை தரையில் புரள ஆரம்பித்தது. அவர் குற்றம் சொன்னது புடவையை. இப்போதெல்லாம் அகலம் கூட்டி நெய்கிறார்களாம். பழைய புடவையும்தானே புரள்கிறது என்று கேட்டேன். துவைத்துத் துவைத்துத் தொய்ந்துவிட்டதாம். முதுகுவலிக்கு பஸ் சீட்டைத் திட்டினார். மேல் தாழ்ப்பாளைப் போடாமல் கீழ்த் தாழ்ப்பாளோடு விட்டதற்கு, மழையில் கதவு ஊறிவிட்டது என்றார். கேட்பவரை வாயடைக்க வைக்கும் பேச்சு அவருடையது. நானும் நம்பினேன். நின்றுகொண்டிருக்கும் மனுஷி குட்டையாகிக்கொண்டே வருவாள் என்று யாருக்குத் தோன்றும்?

அவர் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. சென்னையில் இருக்கும் மகன், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முடியவில்லை என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் போதும், மூட்டை கட்டிவிடுவான். அங்கே போனால் திரும்பி வரமுடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பொங்கலுக்கு மகன் வந்திருந்தான். படுக்கப்போகும்போது பழைய பழக்கத்தில் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான். விடிகாலையில் கோலம் போட எழுந்தவருக்குக் கதவைத் திறக்க எட்டவில்லை. மகனை எழுப்பினால் விஷயம் தெரிந்துவிடும். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். தாழ்ப்பாள் திறந்துகொண்டது. முக்காலி சாய்ந்தது.

நானும் என் கணவரும் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்த பெண் டாக்டர் உடைந்த கையை விட அவர் முதுகின் வளைவைத்தான் அதிகம் பார்த்தார். முதுகையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகுத்தண்டு எலும்புகள் சில நசுங்கித் தட்டையாகியிருந்தன. விழாமலேயே, குனிந்து குடம் தூக்கியதில்கூட நசுங்கியிருக்கலாம் என்றார்.

நாத்தனார் விடவில்லை. "கேப்பைக் களியும் கீரையும் துன்னு வளந்த ஒடம்புங்க இது" என்றார்.

அது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது என்றார் டாக்டர். நாற்பது வயதுக்கு முன்பே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டதைக் கேட்டறிந்து, எலும்பு மெலிவது அப்போதே வேகம் பிடித்திருக்கும் என்று விளக்கினார். எங்கள் பக்கத்தில் அந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் எத்தனையோ பேர். எலும்பைப் பற்றி ஒருவரும் அவர்களிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

போன உயரம் திரும்பி வருமா என்று நாத்தனார் கேட்டார். வராது என்றார் டாக்டர். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

மகன் அங்கேயே சென்னைப் பேச்சை ஆரம்பித்தான். அவர் நிமிராமலே சொன்னார்: "பேஜாரு பண்ணாதடா. மருந்து துன்றேன், நடக்கறேன், சொல்றதெல்லாம் செய்யறேன். எங்கூட்லயே உட்டுடு."

மருந்தும் நடையும் எந்த ஊரிலும் முடியும், இன்னொரு முறை விழாமல் இருப்பதுதான் முக்கியம் என்றார் டாக்டர். மகன் இறங்கிவந்தான். ஆனால் மறுபடி விழுந்தால் சென்னைதான் என்று சொல்லிவிட்டான்.

புதுச்சேரிக்குப் போய் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தோம். கூடப் போன எனக்கும் எடுத்தார்கள். எனக்கும் மாதவிடாய் நின்று வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கு மருந்து தேவைப்படவில்லை. அவருக்கு வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அதுவரை காபியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து கடிகாரத்தை முறைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வழுக்கும் கால்மிதிகள் வெளியே போயின. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வந்தது. வெயில் ஏறுவதற்குள் தெருக்கோடிவரை நடக்கிறார். புடவையை இடுப்பில் ஒரு மடிப்பு உயர்த்திச் செருகிக்கொள்கிறார். அதைப் பற்றி இப்போது காரணம் எதுவும் சொல்வதில்லை.

அடுத்த முறை வந்த மகன் கேட்காமலேயே தச்சரைக் கூட்டிவந்தான். மேல் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டு, அம்மாவைக் கதவருகே நிற்கவைத்து, கை எங்கே இதமாகப் போகிறதோ அங்கே புதியதைப் பொருத்தச் செய்தான். பழைய ஓட்டைகளை அடைக்க வேண்டாம் என்று நாத்தனார்தான் சொன்னார்.

போன மாதம் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். என் தோளை ஒட்டி நின்று ஒருமுறை பக்கவாட்டில் பார்த்துக்கொண்டார். "இப்ப நீயும் நானும் ஒரே ஒசரம்" என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. ஜல்தியாகப் போ, திண்டிவனம் பஸ் போய்விடும் என்று விரட்டினார். தெருவில் இறங்கியபின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் நின்றேன். உள்ளிருந்து அவரே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது கேட்டபிறகுதான் நடந்தேன்.