ரசாக் பாய் மாடியின் நாலு நிமிஷம்

சுந்தர்சிங் பேஸ் கிடார் வாசிப்பவர். பகலில் முடிச்சூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் குடுவை கழுவுகிற வேலை. ஞாயிறு சாயங்காலம் மட்டும் மனுஷன் ராஜா! அந்த ராஜ்யம் மேற்குத் தாம்பரத்தில், அப்துல் ரசாக் பாயின் மரக்கடை மாடியில் இருந்தது. பாட்டென்றால் பாய்க்கு உயிர். நூறு நாற்காலி போட்டு வாராவாரம் மெல்லிசைக் கச்சேரி வைத்தார்.

ஒரே ஒரு நிபந்தனை. பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் வாத்தியம் நிற்க வேண்டும்.

"பாட்டை முடிச்சுட்டு நிறுத்துறோமே பாய்," என்று முதல் வாரமே கெஞ்சிப் பார்த்தார் சுந்தர்சிங்.

"முடிக்க வாணாம். அப்டியே வச்சிருங்க. அப்புறம் அங்கேர்ந்தே எடுங்க."

"இன்னா பாய், ஒரே பேஜாரா கீது! வார்த்தை பாதியில நிக்குமே," என்றான் டிரம்ஸ் வாசிக்கும் மாரி.

"நிக்கட்டும். எங்க ஓடிடப் போவுது?"

பாங்கு தொடங்கியதும் பாய் கடகடவென்று ஆடும் நாலு ஃபேனையும் அணைப்பார். நூறு பேரும் வியர்வை வழிய மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். பாங்கு முடிந்ததும் ஸ்விட்சை 'டக்'கென்று போட்டுவிட்டு அவர் தொழப் போய்விடுவார். அந்தச் சத்தத்திலேயே, எண்ணாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், குழு முழுதும் விட்ட எழுத்திலிருந்து எடுக்கும். சும்மா சொல்லக் கூடாது, உடம்பு சிலிர்த்துவிடும்! அதைக் கேட்கவே மாடம்பாக்கத்திலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் ஜனம் வந்தது. அந்த நாலு நிமிஷம் பாட்டு எங்கே போயிருந்தது என்று சுந்தர்சிங்குக்கே புரியாது. ஒன்பது வருஷம் வாசித்தும் அவருக்குப் பிரமிப்பு தீரவில்லை.

2006-இல் பாயின் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தார்கள். கட்டடம் கைமாறி, இடிபட்டு, அடுக்குமாடியாக எழும்பத் தொடங்கியது. அதைப் பார்க்கத் தாங்காமல் சுந்தர்சிங் ஸ்டேஷனுக்கே சுற்றுவழியில் போனார். ஏழு மாதம் கிடார் உறையைவிட்டு வெளியே வரவில்லை. "வாசிக்காம இருந்தா செத்துடுவேன் போலிருக்கு," என்று மனைவி ஜெரூஷாவிடம் ஒருநாள் அழுதேவிட்டார்.

அப்போதுதான் கல்யாண வரவேற்புக் கச்சேரிகள் நடத்தும் கஸ்தூரிரங்கன் கூப்பிட்டார். மாரிக்கும் இடம் கிடைத்தது.

"உங்க மாடிக் கதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கேன் சார். எனக்கு நான்ஸ்டாப்பா ஓடணும். நடுவுல நின்னீங்கன்னா அடுத்த கச்சேரிக்கு வேற ஆள்," என்றார்.

இந்த இடத்தையும் கோட்டைவிடக் கூடாது என்று சுந்தர்சிங் ஜபம் பண்ணிவிட்டுத்தான் கிளம்பினார்.

கூடுவாஞ்சேரியில் கல்யாண மண்டபம். மூன்றாவது பாட்டு. பாடகி சரோஜினி சரணத்தின் நடுவில் இருந்தார். ஜன்னல் வழியே பாங்கு கேட்டது.

விரல் நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. திரும்பினால், மாரியின் குச்சிகளும் அந்தரத்தில்! படுபாவி, நீயுமா? சரோஜினி பாதி வார்த்தையில் தடுமாறி நின்றார். கீபோர்டில் தனியாக ஓடிப் பார்த்த கஸ்தூரிரங்கனும் கையை எடுத்தார்.

"வாசிங்க சார்!" என்று பல்லைக் கடித்தார்.

கை வரவில்லை. அவ்வளவுதான், போச்சு என்று சுந்தர்சிங் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைக்கு மேலே ஃபேன்களின் இரைச்சல் அடங்குவது கேட்டது. கண்ணைத் திறந்தார். வாசலருகே ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில் ரசாக் பாய்! பெண் வீட்டுக்கு நிலை, கதவெல்லாம் அவர் கொடுத்த மரம். அந்தப் பழக்கத்தில் விருந்துக்கு வந்திருக்கிறார். மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தில் மாடிக்கு வந்து பழகிய நாலைந்து பேர் "உஷ்" என்றார்கள். மண்டபம் முழுக்க அடங்கிவிட்டது.

பாங்கு முடிந்தது. டக்.

கிடாரும் டிரம்ஸும் ஒரே நொடியில் விழுந்தன. சரோஜினி மிச்சப் பாதி வார்த்தையை எடுத்தார். அடேயப்பா! சாப்பாட்டுப் பந்தியிலிருந்துகூட எழுந்து வந்து பார்த்தார்கள். கஸ்தூரிரங்கன்தான் இடத்தைப் பிடிக்க முடியாமல் ஒரு வரி பிந்தினார். பாய் அதற்குள் தொழக் கிளம்பிவிட்டார்.

கச்சேரி முடிந்ததும் சுந்தர்சிங் கிடாரை உறையில் போட்டார். கஸ்தூரிரங்கன் பக்கத்தில் வந்து நின்றார்.

"விட்ட இடம் எப்படி சார் ஞாபகம் இருந்துச்சு? நானே தொலைச்சுட்டேன்."

"எங்க சார் விட்டோம்? உள்ள ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

கஸ்தூரிரங்கன் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு பெருங்களத்தூர். அங்கயும் பக்கத்துல பள்ளிவாசல் இருக்கு. ஸ்விட்ச்சாண்ட நிக்க அந்த பாய் வருவாரான்னு கேளுங்க சார்."

அன்றைக்கு சுந்தர்சிங் ஸ்டேஷனில் இறங்கி, பாயின் மாடி இருந்த தெரு வழியாக, நேர்வழியிலேயே வீட்டுக்குப் போனார்.