கபிலைச் சரிவில் நழுவிய டிராக்டர்

அந்தச் சின்ன டிராக்டருக்குக் கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. ஒரு லீவரை முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் வரும், நடுவில் விட்டால் நிற்கும். எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும், பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தமே பின்சக்கரங்களைச் சுழற்றும். ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் என்று கையேட்டில் போட்டிருந்தது. வெளிநாட்டுத் தோட்டங்களில் புல் வெட்டச் செய்த வண்டி. யாரோ தானமாக அனுப்ப, கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் மாதா கோயில் பண்ணைக்கு வந்து சேர்ந்தது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பெண், வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். பங்குச் சாமியார் வண்டியை என் பொறுப்பில் விட்டார். காலையில் எண்ணெய் அளவு பார்ப்பேன். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பேன். லீவர் நடுவில் இருக்கும்போது சக்கரம் தானாக நகர்கிறதா என்று கவனிப்பேன். பிறகு பம்பும் எண்ணெயும் இருக்கும் டிரான்ஸ்மிஷன் கூட்டின் மேலுள்ள தகடுகளுக்கு இடையில் அடைந்த செம்மண்ணை விளக்குமாற்று ஈர்க்கால் குத்தி எடுப்பேன். இந்தக் கடைசி வேலைக்குத்தான் அதிக நேரம் ஆகும். தகடுகள் அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. சூடேறிய எண்ணெய் தண்ணீராக இளகி, தள்ள வேண்டிய இடத்தில் தள்ளாமல் உள்ளுக்குள்ளேயே நழுவும். எஞ்சின் உறுமும், வண்டி போகாது.

வண்டியை ஓட்டியவர் எனக்கு மாமா முறை. பல வருஷம் லாரி ஓட்டியவர்.

"கிளட்சு இல்லாததெல்லாம் ஒரு வண்டியா கண்ணு? எடது காலு சும்மாவே கெடக்குது. அதுக்கும் சேத்தி சாமியாரு சம்பளம் குடுக்கறாரு."

அந்த வருஷம் மழை இல்லை. பண்ணைக் கிணறு வற்றிவிட்டது. தீவனம் இல்லாமல் காளைகளை விற்றாயிற்று. கிணற்றை ஆழப்படுத்த ஆட்கள் இறங்கினார்கள், என் அண்ணனும் அவர்களில் ஒருவன். வெட்டிய கல்லையும் மண்ணையும் மேலே எடுக்க மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். கபிலையில் காளைகளைப் பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது அவை இறங்கிப் போகும் சரிவில் டிராக்டரை நிறுத்தி, அதன் பின்னால் இரும்புக் கம்பிவடத்தைக் கட்டி, கிணற்று மேலுள்ள உருளை வழியாக உள்ளே விட்டார். நுனியில் ஒரு இரும்புத் தொட்டி. டிராக்டர் சரிவில் இறங்கினால் தொட்டி மேலே வரும்.

காளைகளைவிடக் குலுங்காமல்தான் தூக்கியது. ஆனாலும் முதல் நாளே சொல்லிவிட்டேன்: மண்ணும் கல்லும் மட்டும்தான், ஆள் ஏறக் கூடாது. ஆட்கள் கயிற்றேணியில் இறங்கினார்கள், கயிற்றேணியில் ஏறினார்கள்.

அன்று பிற்பகலில் தொட்டி மேலே வந்து நிற்கும்போது டிராக்டர் ஒரு சாண் பின்வாங்கியதைப் பார்த்தேன். லீவர் நடுவில்தான் இருந்தது. கூட்டின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சீறிப் போனது.

"மாமா, இன்னைக்குப் போதுங்க. ஆறட்டும்."

அவர் எஞ்சினை நிறுத்தியதும் கிணற்றுக்குள்ளிருந்து அலறல் கேட்டது. பக்கச் சுவரிலிருந்து ஒரு பாறை சரிந்து அண்ணனின் காலில் விழுந்திருந்தது. கூட இருந்தவர் கீழிருந்து கத்தினார்: "ரத்தம் நிக்கலீங்க! காலை ஊன முடியல. ஏணியில ஏற மாட்டாரு!"

மண் கொட்டும் அக்காக்கள் இருவரும் மாமாவும் என்னைப் பார்த்தார்கள். கம்பிவடத்தில் கிரீஸ் பூசியிருந்தது, கையால் இழுத்தால் வழுக்கும். ஊருக்குள் ஓடி ஆட்களைக் கூட்டி வர நேரமாகும். எண்ணெய் ஆறுவதற்கு அதைவிட நேரமாகும்.

"தாங்குமா கண்ணு?"

தெரியாது என்பதுதான் உண்மை. "பாதியில நிறுத்தாம போனா தாங்குங்க மாமா" என்றேன்.

மாமா எஞ்சினை ஓடவிட்டு, பின்னோக்கி மேடேறித் தொட்டியைக் கீழே இறக்கினார். கிணற்றுக்குள் இருந்தவர்கள் அண்ணனை அதில் உட்காரவைத்துத் துண்டால் கட்டினார்கள். இரண்டு அக்காக்களிடமும் ஆளுக்கொரு கல் கொடுத்து, பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே வரச் சொன்னேன், மேட்டில் பாரவண்டிக்கு வைப்பது போல. மாமா லீவரைத் தள்ளினார். டிராக்டர் இறங்கியது, கம்பி இறுகியது.

பாதிச் சரிவில் சக்கரங்கள் நின்றன.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லீவர் முன்னால் இருந்தது. சக்கரம் அப்படியே நின்று, பிறகு மெல்லப் பின்னால் உருண்டது. வைத்திருந்த கல்லைப் புழுதியில் தள்ளிக்கொண்டே வந்தது. அண்ணன் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறான் என்று எட்டிப் பார்க்க முடியவில்லை. பார்க்கவும் துணியவில்லை. மாமாவின் கால் பிரேக்கின் மேல் போனது.

"மிதிக்காதீங்க மாமா! மிதிச்சா லீவர் நடுவுக்கு வந்துரும், பிரேக் மட்டும் தாங்காது, எல்லாம் போயிரும்!"

"பின்ன என்னதான் பண்ணச் சொல்ற?"

"எஞ்சினை முழுசா ஏத்துங்க. லீவரை இன்னும் முன்னால. மெதுவா. எஞ்சின் அணஞ்சிரக் கூடாது."

நழுவுகிற எண்ணெயைவிட அதிக எண்ணெயைப் பம்பு தள்ளினால் சக்கரம் திரும்பும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். எஞ்சின் அதைத் தாங்குமா என்பது தெரியாது. ஒரு அக்கா, "யேசுவே, யேசுவே" என்று சொல்லிக்கொண்டே கல்லைச் சக்கரத்தோடு சேர்த்து அழுத்தினாள். அவள் விரல்களுக்கும் டயருக்கும் இடைவெளியே இல்லை. எஞ்சின் சத்தம் கீழே இறங்கியது, திணறியது, இருமியது. பிறகு சக்கரம் முன்னால் அசைந்தது. கால் அடி. கல். இன்னொரு கால் அடி. கல். அக்காக்கள் மண்டியிட்டே தவழ்ந்து வந்தார்கள்.

"வந்துட்டான்!" என்று கத்தி, விளிம்புக்கு ஓடித் தொட்டியோடு அவனை இழுத்துப் போட்டது நான்தான். துண்டின் முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். அண்ணன் வெளுத்த முகத்தோடு சிரித்தான்.

"ஏ இஞ்சினீரு, ரங்கராட்டினம் மாதிரி இருக்குது. நடுவுல எதுக்கு நிறுத்துன, வேடிக்கை காட்டவா?"

அவனுக்கு எதுவும் தெரியவில்லை. சாமியாரின் ஜீப்பில் அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது, கால் பிழைத்தது.

மறுவாரம் வேலை திரும்பத் தொடங்கிய காலையில் நான் கிணற்றுக்குப் போனபோது கயிற்றேணி சுருட்டி ஓரமாகக் கிடந்தது. இரண்டு பேர், விளிம்பில் தரையில் கிடந்த இரும்புத் தொட்டிக்குள் பீடியோடு நின்றுகொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

"வாம்மா, எறக்கி வுடு. அடிபட்ட ஆளையே அலுங்காம தூக்கிச்சாமே. இனிமே எதுக்கு ஏணி?"

நான் நடந்ததைச் சொன்னேன். எண்ணெய், சூடு, நழுவல், கல். கவனமாகக் கேட்டார்கள். முடிந்ததும் பெரியவர், "ஆனா தூக்கிச்சில்ல?" என்றார். மாமா டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார்.

அந்தக் காலையில் எனக்கு வந்த பயம், அண்ணனைத் தூக்கும்போது எஞ்சின் திணறியபோது வந்ததைவிடப் பெரியது. ஸ்பானரை எடுத்து, டிராக்டரின் பின்னால் கம்பிவடம் மாட்டும் இரும்புத் தகட்டின் போல்ட்டுகளைக் கழற்றினேன். தகடு கனமாக இருந்தது. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாம்மா, பயமா?" என்றார் பெரியவர். மற்றவர் சிரித்தார்.

"ஆமாங்க, பயம்தாங்க" என்று சொல்லிவிட்டு, தகட்டோடு வீட்டுக்கு நடந்தேன்.