கானா அண்ணாச்சியின் லீக்

பால்வண்ணநாதன் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். கண் மேலிருந்து கீழே ஒருமுறை ஓடும். அவ்வளவுதான். மடித்த பேப்பர் பெஞ்சில் விழுகிற சத்தத்தில், டீ ஆற்றிக்கொண்டிருக்கும் மசூதின் கை ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும்.

"அஞ்சு நாளு ஆடி டிராவாம். அதுக்கு அரைப் பக்கம். அங்கன ஒரு ஊரே கடையப் பூட்டிட்டு ஃபுட்பால் ஆட்டம் பாக்கப் போகுது. அதுக்கு ஒரு வரி போட இவனுவளுக்கு மை இல்ல."

'அங்கன' என்றால் கானா. தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மசூது கிளாஸை நீட்டிக்கொண்டே, "கோவத்தோட குடிச்சா டீ உடம்புல ஒட்டாது அண்ணாச்சி" என்பான். "கோவம் இல்லாமக் குடிச்சா எனக்கு உள்ளயே இறங்காதுவே" என்று பதில் வரும். வாரத்தில் ஆறு நாள் இது நடக்கும். ஏழாவது நாள் பேப்பர் பிந்தி வரும். அன்றைக்கு அதற்குக் கோபம்.

ரத வீதியில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறார். ஒல்லியான உருவம். எதிர்க்காற்றில் நடக்கிறவரைப் போல எப்போதும் முன்னால் சாய்ந்த நடை. சாரல் விழுந்துவிட்டால் ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பும். இவர் சுண்ணாம்புச் சட்டியோடு மைதானத்துக்குக் கிளம்புவார், மழையில் கரைந்த கோட்டைத் திரும்பப் போட. கடைக்கு வருகிறவர்கள் துணியைக் கசக்கிப் பார்த்தால் திட்டு. கசக்காமல் வாங்கினால், "பாக்காம வாங்கிட்டுப் போய் நாளைக்கு வந்து நிப்பேளா?" என்று அதற்கும் திட்டு. "கடையில கோவப்படட்டும், கிரவுண்டுல கோவப்படட்டும். வீட்டுக்குள்ள வரும்போது செருப்போட சேத்து வெளிய கழட்டிப் போட்டுட்டு வரச் சொல்லிருக்கேன்" என்கிறாள் மனைவி அகிலாண்டேஸ்வரி. அவளிடம் மட்டும் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

முகத்துக்கு நேரே 'கானா அண்ணாச்சி'. முதுகுக்குப் பின்னால், ஆப்பிரிக்கக்காரர்களை ஏளனமாகச் சொல்லும் வார்த்தையைச் சேர்த்து, 'காப்பிரிப் பிள்ளை'. இரண்டாவது பெயர் காதில் விழுந்துவிட்டால் சொன்னவன் தப்பித்துப் போவது கஷ்டம். "காப்பிரின்னா யாருலே? அவன் பேரு கோஃபி. வெள்ளிக்கிழம பொறந்தவன், அதனால கோஃபி. எனக்குச் சோறு போட்டவன். உனக்குப் பேரு வச்ச மாதிரி அவனுக்கும் அவங்க அம்மா பேரு வச்சிருக்கா. எங்க, அந்தப் பேரச் சொல்லு." எதிரில் நிற்பவன் 'கோஃபி' என்று சொல்லும்வரை சட்டைப் பிடியை விடமாட்டார்.

ஐம்பத்தேழில் கானாவுக்குப் போனார். ஒரு சிந்திக்காரரின் துணிக்கடை, குமாசி என்ற ஊரில். கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்தவன்தான் கோஃபி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா படுத்துக் கிடந்த இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைதானத்தில் நிறுத்தினான். நாடு விடுதலையாகி மறுவருஷம், நாடு தழுவிய லீக் தொடங்கிய புதிது. குமாசியின் டீமுக்குக் கொட்டோக்கோ என்று பேர், முள்ளம்பன்றி என்று அர்த்தம். ஐம்பத்தொன்பதில் கொட்டோக்கோ லீக்கை ஜெயித்தபோது கோஃபியின் தோளில் உட்கார்ந்து பால்வண்ணநாதன் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். தென்காசியில் பிறந்த ஒருவனுக்கு அந்த ஊர் தன்னூர் ஆனது அன்றைக்குத்தான். பிறகு விசில் பழகி, சின்ன டீம்களின் ஆட்டங்களில் ரெஃப்ரியாகவும் நின்றார்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அரசாங்கமே தலைநகரில் புதிதாக ஒரு டீம் ஆரம்பித்தது. லீக்கில் ஆடும் ஒவ்வொரு டீமிலிருந்தும் சிறந்த ஆட்டக்காரர்கள் இரண்டிரண்டு பேரைக் கொடுத்துவிட வேண்டும் என்றது. குமாசி கொதித்தது. கோஃபி அன்று கத்தரியைத் தொடவே இல்லை. "நல்ல மிளகாயாப் பொறுக்கிக்கிட்டு, சொத்தையையும் காம்பையும் நமக்குத் தள்ளுனா எப்படிவே இருக்கும்?" என்று இன்றைக்கும் கேட்பார் பால்வண்ணநாதன். அந்தப் பொறுக்கி எடுத்த டீம் லீக்கை ஜெயித்த வருஷம், அறுபத்து மூன்றில், ஊருக்குத் திரும்பிவிட்டார்.

இந்த வருஷம், அறுபத்தாறு பிப்ரவரியில், கானாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த செய்தி முதல் பக்கத்திலேயே வந்திருந்தது. டீக்கடையில் எல்லாரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். முழுவதும் படித்துவிட்டுப் பேப்பரைப் பெஞ்சில் அடித்தார். "ஆட்சி போச்சுன்னு போட்டிருக்கான். அந்த டீம் என்னாச்சுன்னு போட்டானா பாரு."

நம்முடைய பக்கத்தில் இவர் திரும்பி வரும்வரை லீக் என்ற பேச்சே கிடையாது. சாரல் சீசனில் ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வந்த வருஷமே இவர் சண்டையை ஆரம்பித்தார். "மழையில வழுக்கி ஒருநா தோத்தவன்லாம் மட்டமா? அவன் ஊருக்கு இவன் போகணும், இவன் ஊருக்கு அவன் வரணும். எல்லாரும் எல்லார்கிட்டயும் ஆடணும். அதுக்கு அப்புறம் சொல்லு, எவன் பெரியவன்னு." தென்காசி, செங்கோட்டை, பாவூர்சத்திரம், குத்துக்கல்வலசை, இலஞ்சி, மேலகரம் என்று ஒவ்வொரு ஊராகச் சைக்கிளில் போய்த் திட்டித் திட்டியே லீக்கை உண்டாக்கினார். அழைத்துச் சேர்த்ததாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஏச்சுத் தாங்காமல் சேர்ந்ததாகவே சொல்வார்கள். கோப்பையை அரிசி மில் முதலாளி குற்றாலிங்கம் கொடுத்தார்.

குத்துக்கல்வலசை டீமில் சுடலைமாடன் என்று ஒருவன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். காலையில் வெங்காய மூட்டை, சாயங்காலம் பந்து. அவன் பந்தோடு வந்தால் எதிர் டீம்காரனே வேடிக்கை பார்க்க நின்றுவிடுவான். செங்கோட்டையிலிருந்து ரயிலேறி ஆட்டம் பார்க்கக் கூட்டம் வர ஆரம்பித்தது. கூட்டம் வந்ததும் குற்றாலிங்கத்துக்கு ஆசையும் வந்தது.

வைகாசியில் அவரே கடைக்கு வந்தார். நல்ல மனுஷர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். "பால்வண்ணம், நானும் ஒரு டீம் போடலாம்னு இருக்கேன். சாரல் லெவன்னு பேரு. ஒவ்வொரு டீம்லயும் ரெண்டு பேர எடுத்துக்கிடுதேன். மில்லுல வேலையும் குடுத்திருதேன். திருநவேலி, மதுரைன்னு போய் நம்ம ஊர் மானத்த நிறுத்தலாம் பாரும்."

பால்வண்ணநாதன் கையிலிருந்த துணிச்சுருள் உருண்டு தெரு வாசல்வரை போயிற்று. "இதே பேச்ச நான் அங்கன கேட்டுட்டு வந்தவன்வே. அவன் நாட்டு மானம்னான், நீரு ஊர் மானங்கீரு. மிச்சம் இருக்கவன் யாருகூட ஆடுவான்? அவனுக்கு மானம் கிடையாதா?"

"கோவப்படாதீரும். கூட்டம் போட்டுக் கேப்போம். ஆறு கேப்டன்மாரும் என்ன சொல்லுதாவளோ அதுபடி செய்வோம்."

கூட்டம் போட்டார்கள். ஆறு கையும் உயர்ந்தது. மூட்டைக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் ஆடுகிற டீம்கள் அவை. இரண்டு பேருக்கு நிரந்தர வேலை கிடைப்பதை எந்தக் கேப்டன் தடுப்பான்? அன்று பால்வண்ணநாதன் யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயந்தார்கள்.

மறுநாள் சுடலைமாடன் கடை வாசலில் வந்து நின்றான். படியேறவில்லை.

"மில்லுல எடை போடுத வேல அண்ணாச்சி. தலைச்சுமை கிடையாது."

"சரி."

"கழுத்து வலி தாங்க முடியல. ராவெல்லாம் ஒரு பக்கமாத்தான் படுக்கேன்."

"சரிங்கேம்லா. போ."

அவன் தலை தெருமுனையில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அவன்மேல் கோபப்படத்தான் முயன்றார், முடியவில்லை. நியாயமான ஒன்றைச் செய்ய ஒருவன் திருடனைப் போல வந்து நிற்கும்படி ஆனதே என்று அந்தக் கோபமும் சேர்ந்து முதலாளி பக்கம் போனது.

ஆனியில் சாரல் லெவனின் முதல் ஆட்டம், குத்துக்கல்வலசை மைதானத்தில். முதலாளி டீமுக்குப் புதுப் பனியன், புது பூட்ஸ். சொந்த ஊர் டீம் வழக்கம்போல வெறுங்கால். ரெஃப்ரி பால்வண்ணநாதன். கருப்பு அரைக்கால் சட்டையில் முன்னால் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தார். சுடலைமாடனுக்குப் பூட்ஸ் புதுசு. கால் பந்தைத் தேடியது. பந்து காலுக்கு எட்டவில்லை. எப்படியோ ஒரு கோல் போட்டான், தன் பழைய டீமுக்கு எதிராக. யாரும் கை தட்டவில்லை. இடைவேளைக்குப் பிறகு வெறுங்கால்கள் ஒரு கோலைத் திருப்பின. கூட்டம் குடைகளை வானத்தில் எறிந்தது.

சாரல் வலுத்தது. குற்றாலிங்கம் பார்ப்பதற்கு வசதியாக டிரைவர் காரை நகர்த்தி நிறுத்தினான். முன்சக்கரம் இரண்டும் மூலைக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நின்றன. ஓடிய பந்து டயரில் பட்டுத் திரும்பியது. பால்வண்ணநாதன் விசில் ஊதினார்.

"கார எடு."

டிரைவர் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். "ரெண்டடிதானே பால்வண்ணம். மழை பெய்யுது, ஆட்டத்த நடத்தும்."

"கோட்டுக்கு உள்ள இருக்கதெல்லாம் ஆட்டக்காரன். உம்ம காரு எந்த டீமு?"

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் அசையவில்லை. பால்வண்ணநாதன் பந்தை எடுத்துக்கொண்டு நடு மைதானத்துக்கு வந்தார். பந்தைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார், காருக்கு முதுகைக் காட்டி. மழை அவர் தலையில் இறங்கி மூக்கு நுனியில் சொட்டிற்று. துடைக்கவில்லை.

எவ்வளவு நேரமோ. முதலில் நகர்ந்தவன் சுடலைமாடன். நேரே போய்க் காரின் முன்பக்கம் குனிந்து, மூட்டைக்குக் கொடுக்கிற தோளைக் கொடுத்தான். வெறுங்கால்காரர்கள் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் புது பனியன்களும் வந்தன. முதலாளி உள்ளே இருக்க, சேற்றில் கோடு கிழித்துக்கொண்டு கார் பின்னால் போயிற்று. கோட்டருகில் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். சுடலைமாடன் மட்டும் நிற்காமல் புளியமரம் வரைக்கும் தள்ளிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

அந்தக் கார் அப்படியே திரும்பிப் போய்விட்டது. கோப்பையும் அதோடு போனது. இந்த வருஷ லீக் கோப்பை இல்லாமல்தான் நடக்கிறது. சாரல் லெவனைக் கலைத்துவிட்டார்கள், ஆட்டக்காரர்கள் அவரவர் ஊர் டீமுக்கு வந்துவிட்டார்கள். மில் வேலையிலிருந்து முதலாளி யாரையும் நிறுத்தவில்லை, சுடலைமாடனைக்கூட. பால்வண்ணநாதனுக்கு அதிலும் கோபம். "நல்லவன்னு பேரு வாங்கிட்டுப் போயிட்டாருவே. இனி அவர நான் எப்படி ஏச?"

ஆனால் அன்றைக்கு, கார் போன கையோடு, பந்தை விட்டு எழுந்து நேராகச் சுடலைமாடனிடம்தான் போனார். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தார்கள்.

"யாரக் கேட்டுலே கோட்டத் தாண்டிப் போன?"

"கேக்கல அண்ணாச்சி."

"ரெஃப்ரியக் கேக்காம வெளிய போனா எச்சரிக்கை. இன்னொருதரம் போனா ஆட்டத்த விட்டே அனுப்பிருவேன். தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

அவன் இரண்டு கையிலும் முழங்கைவரை சேறு. புது பூட்ஸின் கயிறு அவிழ்ந்து சேற்றில் கிடந்தது. அதைக் கண்டதும் அவர் முகம் இன்னும் சிவந்தது. "கயிறு கெட்டத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குலே பூட்ஸு" என்று கத்திக்கொண்டே, அத்தனை பேர் முன்னாலும் சேற்றில் மண்டியிட்டு, அவன் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, கயிற்றை இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டார்.