இரண்டு பச்சைக் குறிகள்

போர்ட்லாந்தில், மத்திய அரசுக் கட்டடத்துக்குப் பின்தெருவில் ரோஸ்லின் டிபெட்ஸ் பதினெட்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். காவலர்களின் சட்டைகளில் பெயர்ப் பட்டை தைப்பதும் கிழிசல் அடைப்பதும்தான் பிழைப்பு. எந்தக் கிழிசலைத் தைத்தாலும் கடைசியில் பச்சை நூலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்பாள். அதற்குமேல் அவளிடம் யாராலும் பதில் வாங்க முடியாது.

ஊரே போராட்டத்தில் இறங்கிய கோடையில், காவலர்கள் வரிசையாக வந்து சட்டையிலிருந்து பெயர்ப் பட்டையைப் பிரிக்கச் சொன்னார்கள். பெயரைப் பார்த்துப் போராட்டக்காரர்கள் வீட்டு விலாசத்தை இணையத்தில் போட்டுவிடுகிறார்களாம். பயம் நியாயம்தானே என்று இவளும் பிரித்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரமே அவள் தம்பி கிளென் மாட்டிக்கொண்டான். தபால்காரன். தபால் பையும் தானுமாகப் போராட்டக் கூட்டத்தின் வழியே வீடு திரும்பியவனை ஒரு மத்தியக் காவலர் தடியால் அடித்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் கொடுத்த புகார் இரண்டு முறை திரும்பி வந்தது. 'அலுவலர் பெயர் அல்லது எண்' என்ற கட்டம் காலியாக இருக்கிறதாம்.

"அந்தாளு குனிஞ்சப்போ எடது தோள்ல உன் பச்சைக் குறியப் பாத்தேன்க்கா. ஒண்ணு இல்ல, ரெண்டு," என்றான் கிளென்.

ஒரு சட்டையில் நூல் அறுந்து இரண்டாம் குறி போட்டது அவளுக்கு நினைவிருந்தது. யார் சட்டை என்பதுதான் நினைவில்லை. பெயரைப் பிரித்தது தன் கைதானே என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது.

பிறகு புதுச் சட்டம் வந்தது. கலவரத்தை அடக்கப் போகும் மத்தியக் காவலர்கள் பெயரோ எண்ணோ வெளியே தெரிய நிற்க வேண்டும். பிரிக்கச் சொன்னவர்களே தைக்கச் சொல்லி வந்தார்கள். வெள்ளிதோறும் அவளுக்கு டோனட் வாங்கி வரும் காவலர் ஹால்வர்சனும் வந்தான்.

"ரோஸ்லின் மேடம், எழுத்தக் கொஞ்சம் பொடிசாப் போடுங்க. என் மூக்கவிட என் பேரு நீளம்."

"மூக்கும் ஒண்ணும் கொறச்சல் இல்ல. சட்டையக் குடு."

சட்டையை விரித்தாள். இடது தோளில் இரண்டு குறிகள். இவன் கொடுத்த டோனட்டையா இத்தனை நாள் தின்றோம் என்று அவளுக்கு நெஞ்சு கசந்தது. தைக்க வேண்டிய பெயரை எழுதும் கடைச் சீட்டை மேஜையில் வைத்தாள். இழுப்பறையிலிருந்து கிளெனின் புகார்த் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"எழுத்துத் தப்பாயிடக் கூடாது. நீயே எழுதிக் குடு. ரெண்டுலயும்."

சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதினான். அடுத்த தாளில் தேதி, தெரு, தபால் பை என்று படித்ததும் பேனா நின்றது.

"இவரு உங்களுக்கு யாரு?"

"கூடப் பொறந்தவன்."

"அந்தப் பைய... வேற என்னமோன்னு நெனச்சிட்டேன், மேடம்."

"அத அவன்கிட்ட சொல்லு. இங்க பேர மட்டும் எழுது."

தாளை இன்னொரு முறை முழுதாகப் படித்தான். ரோஸ்லின் அவசரப்படுத்தவில்லை. பொடிசாகக் கேட்டவன் கடைசியில் கட்டம் நிறையப் பெரிய எழுத்தில் எழுதினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சீட்டோடு ஒத்துப் பார்த்தாள்.