படகு வந்தால் ஆளும் வந்த மாதிரி

என் வேலை என்னவென்று அண்ணனுக்குப் புரியவைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்மண்டபத்து வீட்டின் மாடிப்படியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடலுக்குப் போகாத நாளாக இருந்தால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்று எட்டிப் பார்ப்பான். திரையில் கட்டங்களும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மட்டும்தான் இருக்கும்.

"இன்னா பாப்பா, டப்பா டப்பாவா வரைஞ்சிகினு கீற? கோலம் போடறதுக்கா உனக்கு ஏசி ரூம் குட்துகிறான்?"

"கோலம் இல்லடா. மாடல்."

"நம்ம வூட்ல மாடலா! அம்மா, இங்க வந்து பாரு உம்பொண்ண!"

அண்ணன் விசைப்படகில் வலை இழுப்பவன். அவன் ஒரு வார்த்தை பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அம்மா, அவன், அண்ணி, நான். அவன் இருந்தால் பத்துப் பேர் இருக்கிற வீடு மாதிரி இருக்கும்.

நான் விடாமல் விளக்குவேன். கம்ப்யூட்டர் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னால், அதன் உலகத்தில் என்னென்ன உண்டு, எது எதோடு சேரும், எதிலிருந்து எதைத் தெரிந்துகொள்ளலாம் என்று யாராவது உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதைத்தான் கட்டம் போட்டு வரைகிறேன். கட்டத்தில் இடம் கிடைக்காத ஒன்று, எவ்வளவு பெரிய சங்கதியாக இருந்தாலும், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. அப்போது நான் காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கண்டெய்னர் யார்டு ஒன்றுக்கான மென்பொருளில் இருந்தேன். பெட்டி ஒரு கட்டம், கப்பல் ஒரு கட்டம். ஒரு பெட்டி நடுவில் கப்பல் மாறினால் அந்த மாறுதலுக்கே தனியாக ஒரு கட்டம். எப்போது இறங்கியது, எதில் ஏறியது, யார் பார்த்தது எல்லாம் அதில் வரும்.

"யப்பா, பெட்டிக்கு இம்மாம் மரியாதியா!" என்று சிரித்தான்.

அலுவலகத்தில் எங்களுக்கு அடுத்த வரிசையில் இன்னொரு குழு. மீன்பிடிப் படகுகளின் போக்கையும் வரவையும் பதிகிற மென்பொருள் அவர்களுடையது. எந்தப் படகு எப்போது கிளம்பியது, அதில் யார் யார் போனார்கள், எப்போது திரும்பியது. எங்கள் காசிமேட்டுத் துறைமுகத்திலும் அதைத்தான் வைத்திருந்தார்கள். அவர்கள் போட்ட கட்டங்களை நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கே வேலையும் இல்லை.

கடலில் ஆள் மாறுவது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். நாள்கணக்கில் தங்கிப் பிடிக்கிற படகுகள். ஒரு படகு ஐஸ் தீர்ந்து கரைக்குக் கிளம்பும், இன்னொன்று இன்னும் வலை போட்டுக்கொண்டிருக்கும். தங்குகிற படகில் ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவனைக் கிளம்புகிற படகில் ஏற்றிவிட்டு, அங்கிருந்து ஒருவனை இந்தப் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தலைக்குத் தலை சரியாகிவிடும். கரையில் பதிகிறவரும் தலையைத்தான் எண்ணுவார், முகத்தைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது.

அப்படித்தான் அண்ணன் போனான். அவனுடைய தோஸ்து ஒருவன் வேறொரு படகில் காய்ச்சலோடு கிடந்தான். அண்ணனின் படகு திரும்பிக்கொண்டிருந்தது. இவன் தாவிப் போய் அவன் இடத்தில் நின்றுகொண்டு, அவனை வீட்டுக்கு அனுப்பினான். மறுநாள் காற்று மாறியது. அண்ணன் ஏறிய படகு வரவில்லை. தேடிப் போனவர்களுக்குச் சில மிதவைகளும் ஐஸ் பெட்டியின் மூடியும்தான் கிடைத்தன.

தோஸ்துதான் வீட்டுக்கு வந்து சொன்னான். காய்ச்சல் அப்போதும் விடவில்லை, போர்வையோடு வந்திருந்தான். "எனக்குப் பதிலா அவன் நின்னான்மா. நான் வந்துட்டேன். அவன் வர்ல" என்று அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அம்மா மட்டும் அழவில்லை.

"அவன் இங்கேர்ந்து போன போட் வந்துட்ச்சா?" என்று கேட்டாள்.

"அது வந்துட்ச்சிம்மா. ஆனா அவன்..."

"அப்ப அவனும் வந்துருப்பான். நீ போயி கஞ்சி குட்சிட்டுப் பட்து."

அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று நினைத்தோம்.

விசாரிக்க நானும் அண்ணியும் தோஸ்தும் துறைமுகத்து அலுவலகத்துக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மாள் அண்ணனின் பெயரை அடித்தார். பச்சையில் வந்தது: கரை சேர்ந்தார். சந்தேகப்பட்டு நான் தோஸ்தின் பெயரை அடிக்கச் சொன்னேன். சிவப்பில் வந்தது: காணவில்லை. காணாமல் போனவன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். எனக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

எங்கே இடறியது என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஒரு பயணத்துக்கு ஒருவனுக்கு ஒரே படகு என்று யாரோ ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதன் மேல் ஒரு விதி: படகு வந்தால் அதில் போனவர்கள் எல்லோரும் வந்த மாதிரி, படகு வராவிட்டால் எல்லோரும் வராத மாதிரி. யாரும் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் தனக்குச் சொல்லிக்கொடுத்த விதிப்படி யோசித்து அந்த முடிவுக்கு வந்திருக்கிறது.

தோஸ்தைத் திருத்துவது சுலபமாக இருந்தது. ஆதாரைக் காட்டினான், நேரில் நின்றான், காணவில்லை என்பது மீண்டார் என்று மாறியது. அதற்கு வழி வைத்திருந்தார்கள். அண்ணனுக்கு வழி இல்லை. மூழ்கிய படகில் அவன் பெயரைச் சேர்க்கப் போனால், 'இவர் இப்பயணத்தில் கரை திரும்பிவிட்டார்' என்று தள்ளியது. காணாமல் போனவன் திரும்பி வரலாம். திரும்பி வந்தவன் காணாமல் போக முடியாது.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது" என்றார் அந்த அம்மாள். அவர்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

கோபப்பட வேறு ஆட்கள் கிடைத்தார்கள். அண்ணனின் படகை ஓட்டிய டிரைவர், கடலில் ஆளை மாற்றிவிட்டது தெரிந்தால் தன்மேல் கேஸ் பாயுமோ என்று பயந்து, "போன தலை எத்தினியோ வந்த தலை அத்தினி" என்றே பல நாட்கள் சாதித்தார். படகில் இருந்த மற்றவர்கள் நெருக்கிய பிறகுதான் உண்மையை எழுதிக் கொடுத்தார். அதற்குள் ஊர் கதை கட்டிவிட்டது. கரைக்கு வந்தவன் வீட்டுக்கு வரவில்லை என்றால் எங்கே போனான்? போலீஸ் ஸ்டேஷனில் அண்ணியைப் பார்த்து நேராகவே கேட்டார்கள்: "வூட்ல எதுனா சண்டையா? வேற எங்கனா தொடர்பு கீதா?" நெருப்பில்லாமல் புகையுமா என்று பக்கத்து வீட்டுக்காரி என் காதுபடச் சொன்னாள். அவளை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கல்மண்டபம் முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். தோஸ்தின் பெயரைத் திருத்துவதற்கு முன்னால் வந்த பட்டியலைப் பார்த்து அடித்த பேனர். தோஸ்தின் படம் அதில் இருந்தது. அண்ணனின் படம் இல்லை. உயிரோடு இருக்கிறவன் தன் முகத்தின் மேல் தானே ஏறி வெள்ளைத் தாள் ஒட்டினான். "அங்க உங்க அண்ணன் படத்த ஒட்டட்டுமா பாப்பா?" என்று கீழே பார்த்து அழுதான். பேனர் வைத்தவர்கள், பட்டியலில் பெயர் வரட்டும் பார்க்கலாம் என்றுவிட்டார்கள்.

அண்ணி வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கடையில் ஒருத்தி, "அவரு போன் கீன் பண்ணாரா?" என்று கேட்டிருக்கிறாள்.

"செத்துட்டார்னா அழுதுட்டு உக்காருவேன் பாப்பா. ஓடிட்டார்ன்றாளுங்க. கடலுக்குப் போற நாளத் தவிர ஒரு நாளு கூட வெளிய தங்காத மனுஷன். பொட்டு வெக்கறதா, அழிக்கறதா, பூ வாங்கறதா வேணாமா, ஒண்ணும் புரியல எனக்கு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பச்சை எழுத்தை மாற்றிக் காட்டுகிறேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இதில் அம்மா வேறு. மார்க்கெட்டில் கேட்கிறவர்களிடமெல்லாம், "எங்கயோ கோச்சிக்கினு போயிகிறான், வந்துருவான்" என்று சொல்லிவந்தாள். அண்ணிக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி ஆனது. பெற்றவளே ஊரோடு சேர்ந்துகொண்டாளே என்று எனக்கும் ஆத்திரம். "நீயே மருமக மானத்த வாங்குனா அப்பால ஊரு சொம்மா இருக்குமா?" என்று கத்தினேன். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஆனால் நான் வேலை முடிந்து வந்ததும் துறைமுகத்துக் கம்ப்யூட்டரைப் பற்றித் தினமும் ஒன்று கேட்பாள். "அதுல இன்னா போட்டு கீது?" கரை சேந்தான்னுதான் கீது என்று எரிச்சலோடு சொல்வேன். சரி, சாப்பிடு என்பாள்.

கெஞ்சிக் கூத்தாடி நான் அடுத்த வரிசைக் குழுவுக்கு மாறினேன். அங்கே டீம் லீட் நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர்.

"உங்க வருத்தம் புரியுது. ஆனா இது எப்பவோ ஒரு தடவை நடக்கறது. அதுக்காக அஸ்திவாரத்தையே இடிக்க முடியுமா?"

கோபம் வந்தால் என் அலுவலகத் தமிழ் ஓடிவிடும். "எப்பவோ ஒரு தபாவா? காசிமேட்டுக்கு வந்து நில்லுங்க சார். ஏறுன போட்லயேதான் எறங்குறியான்னு ஒவ்வொருத்தனையும் கேளுங்க, சிரிப்பான்!"

அறையே திரும்பிப் பார்த்தது. நான் கண்டெய்னர் யார்டின் மாடலைத் திரையில் போட்டேன். பெட்டி, கப்பல், நடுவில் மாறுதலுக்கான கட்டம். "ஒரு பெட்டி கப்பல் மாறுனா எங்க கீதுன்னு நம்மால சொல்ல முடியும். எங்க அண்ணன் மாறுனா முடியாது. அவன் பெட்டியாப் பொறந்துருக்கணும் சார்." எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

டீம் லீட் தன் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "வரைஞ்சு கொண்டு வாங்க" என்றார்.

வரைந்தேன். மனிதனையும் படகையும் நேராக இணைத்த கோட்டை அழித்துவிட்டு, நடுவில் ஒரு கட்டம் வைத்தேன். ஒருவன் ஒரு படகில் இருந்த பொழுது என்பதே அந்தக் கட்டம். எப்போது ஏறினான், எப்போது இறங்கினான், பார்த்தது யார். ஒரு பயணத்தில் ஒருவனுக்கு அப்படி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். படகு வந்த சேதி இனி ஆள் வந்த சேதி ஆகாது. ஒவ்வொருவனும் தன் காலால் கரையில் இறங்கியதை ஒருவர் பார்த்திருக்க வேண்டும். தவறாக எழுதிவிட்டால் திருத்தவும் வழி வைத்தேன். அழகான மாடல் என்றார் லீட். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அது துறைமுகத்துக்கு வந்து சேர மாதங்கள் ஆயின. வந்த அன்று நானும் அண்ணியும் போனோம். அதே அம்மாள். தோஸ்தும் டிரைவரும் எழுதிக் கொடுத்ததை வைத்து அண்ணனுக்கு இரண்டு வரிகள் பதிந்தார். முதல் வரி, அவன் கிளம்பிய படகு: ஏறினான், கடலில் இறங்கினான். இரண்டாவது வரி, தோஸ்தின் படகு: ஏறினான். இறங்கிய இடத்தில் ஒன்றும் இல்லை. அவர் பொத்தானை அழுத்தியதும் பச்சை எழுத்து போய்ச் சிவப்பு வந்தது.

அண்ணி திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். "இனிமே எவ கேப்பா? எம்புருஷன் கடல்ல போனாரு. என்ன வுட்டுட்டுப் போவல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வழியில் பேனர்காரரைப் பார்த்து அண்ணனின் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சொன்னதைச் செய்துவிட்டேன் என்று ஒரு பெருமைகூட இருந்தது.

அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணியின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். அண்ணி உள்ளே போனதும் என்னைப் பார்த்தாள்.

"அதுல இன்னா போட்டு கீது?"

"மாத்தியாச்சிம்மா. காணவில்லன்னு போட்டாச்சி. அந்த போட்ல போனவங்களோட சேத்தாச்சி."

"யாரு மாத்துனது?"

"நான்தாம்மா."

அம்மாவின் கை நின்றது.

"உங்க அண்ணி பூட்டான்னா. அவன் தோஸ்து பூட்டான்னான். நீயும் பூட்டான்ன. அது ஒண்ணுதான்டி பாப்பா, எம்புள்ள கரைக்கு வந்துட்டான்னு தெனம் எனக்குச் சொல்லிக்கினு இருந்துச்சி. அதோட வாயையும் அடச்சிட்டியேடி."

அதற்கப்புறம்தான் அம்மா அழுதாள்.